பனிக்கால முடிவில் பூக்கும் குட்டை ஐரிஸ்

வடக்கே வந்து தங்கிவிட்ட நம் குடும்பங்களுக்கு மார்கழியும் தையும் ஸ்வெட்டருக்கும் ரஜாய்க்கும் உரிய மாதங்கள். சிம்லா, ஸ்ரீநகர் போன்ற ஊர்களில் மாசி வரைக்கும் தோட்டம் மொட்டையாகத்தான் கிடக்கும். அந்தச் சமயத்தில், மற்றச் செடிகள் விழிப்பதற்கு முன்பே, தரையை ஒட்டினாற்போல் ஊதாவும் நீலமுமாகப் பூப்பது குட்டை ஐரிஸ். பூக்கும்போது உயரம் 10 முதல் 15 செ.மீ.தான், நம் கையில் ஒரு சாண்கூட வராது.

ஐரிஸ் என்பது கிரேக்கர்களின் வானவில் தேவதையின் பெயர். இந்தக் குட்டை வகையின் தாயகம் துருக்கி, காக்கசஸ், ஈரான் பக்கத்து மலைகள். கிழங்கின் மேல் வலை போட்டது போல நார்த்தோல் இருப்பதால் தாவர இயலார் இதை ‘ஐரிஸ் ரெட்டிகுலாட்டா’ என்கிறார்கள். மஞ்சள் வேண்டுமென்றால் ‘டான்ஃபோர்டியே’ இருக்கிறது. ஆனால் அது ஒரு வருஷம் பூத்துவிட்டுப் பொடிக் கிழங்குகளாகச் சிதறிவிடும், மறுபடி பூப்பது அபூர்வம். முதல்முறை வைப்பவர்கள் நீலத்திலேயே ஆரம்பிப்பது நல்லது.

அந்த மலைகளில் குளிர்காலம் கடுமை, கோடை வறட்சி. செடியின் குணமும் அதுவேதான். மலை ஊர்க்காரர்கள் புரட்டாசி, ஐப்பசியில், வெயில் படும் இடமாகப் பார்த்து 8 முதல் 10 செ.மீ. ஆழத்தில் நட வேண்டும். மண்ணில் தாராளமாக ஆற்று மணல் கலக்கவும். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். பூ முடிந்த பிறகுதான் இலை நீளமாக வளரும். பார்க்க நன்றாக இல்லையே என்று வெட்டிவிடாதீர்கள், அடுத்த வருஷப் பூவுக்கான சாப்பாடு அதில்தான் தயாராகிறது. இலை தானாகக் காய்ந்ததும் கிழங்குக்கு ஈரம் ஆகாது. மழை அடித்துப் பெய்கிற ஊர்களில் தோண்டி எடுத்து, காற்றாட வைத்து, திரும்ப நடுவதுதான் உத்தமம்.

தில்லிக் குளிர் நமக்கு நடுக்கம், இதற்குப் போதாது. ஆசைப்பட்டால் ஒரு வழி உண்டு. அக்டோபரில் சின்னத் தொட்டியில் நட்டு, லேசான ஈரத்தோடு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் சுமார் 12 வாரம் வைக்கலாம். ஜனவரியில் வெளியே எடுத்து வெளிச்சத்தில் வைத்தால், சில வாரங்களில் பூக்கும். ஆப்பிள், வாழைப்பழம் பக்கத்தில் கூடாது. அவை விடுகிற எத்திலீன் வாயு மொட்டைக் கருக்கிவிடும். மறுவருஷம் புதுக் கிழங்குதான் வாங்க வேண்டியிருக்கும்.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். உரித்த கிழங்கு பார்ப்பதற்குச் சின்ன வெங்காயம் மாதிரியே இருக்கும். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவோ மாமியாரோ சாம்பாருக்கு எடுத்துவிட்டால் வம்பு! ஐரிஸ் கிழங்கு விஷம். வாந்தி, வயிற்றுவலி, பேதி வரும். அதன் சாறு சிலருக்குத் தோலில் அரிப்பும் உண்டாக்கும். ஆகவே வாங்கிய கிழங்கைச் சமையலறைக்குள் கொண்டுவராமல், தமிழிலும் இந்தியிலும் பெயர் எழுதிய டப்பாவில் போட்டு, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஃப்ரிட்ஜுக்குள் தொட்டியாகத்தான் போக வேண்டும், உதிரிக் கிழங்காக அல்ல. யாராவது தெரியாமல் சாப்பிட்டுவிட்டால், மிச்சக் கிழங்கையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே டாக்டரிடம் போங்கள்.