சுவரில் மாட்டியதும் தரையில் விரித்ததும்

நம்மவர் வீட்டுக் கலை எது என்று கேட்டால் எல்லாருடைய கண்ணும் முதலில் சுவருக்குத்தான் போகும். சட்டமிட்ட ஆயத்துல் குர்ஸீ, கஃபாவின் படம், ஹஜ்ஜுக்குப் போனவர் கொண்டுவந்த தங்கநூல் துணி. புளியந்தீவுக் கடைத்தெருவில் வாங்கியவையாக இருக்கும், அல்லது விமானத்தில் வந்தவையாக இருக்கும். அழகானவைதான், கண்ணியமானவைதான். ஆனால் அதே சட்டம் கொழும்பிலும் கோலாலம்பூரிலும் டாக்காவிலும் தொங்குகிறது. 'இது மட்டக்களப்பு வாவிக்கரை முஸ்லிம் வீடு' என்று சொல்லக்கூடிய ஒன்றைத் தேடினால் சுவரை விட்டுத் தரைக்கு இறங்க வேண்டும். அங்கே கிடப்பது பன்பாய்.

கல்லடிப் பாலத்தைத் தாண்டித் தெற்கே போனால் காத்தான்குடி. அதற்கும் தெற்கே கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று. இந்த ஊர்களிலெல்லாம் பாய் இழைப்பது பெண்களின் வேலை. வயலோரத்திலும் குளத்தோரத்திலும் சதுப்பிலும் வளரும் பன்னை வெட்டி, வெயிலில் காயவைத்து, தட்டி மிருதுவாக்குவார்கள். ஒரு பகுதியைச் சாயத்தில் அவிப்பார்கள். சிவப்புக்குச் சிங்களத்தில் 'பதங்கி' என்று சொல்லும் மரக்கட்டையும், மஞ்சளுக்கு மஞ்சளும் உதவின. பிறகு கடைச் சாயப்பொடி வந்தது. தறி கிடையாது, வரைந்த மாதிரி கிடையாது. தரையில் குந்தியிருந்து, கையால் ஒன்று மாறி ஒன்று எடுத்துக் கோர்த்துக்கொண்டே போவது. பூவும் கட்டமும் கரையும் எண்ணிக்கையில் பிறக்கின்றன. "எண்ணிக்கை பிழைச்சா பூ கோணிப்போகும் மகள்" என்று எங்கட மூத்தும்மா சொல்லுவா. எழுத்துக் கூட்டத் தெரியாத அவவுக்கு அந்தக் கணக்கு மட்டும் ஒருநாளும் பிழைத்ததில்லை.

இதை நாம் 'குடிசைக் கைத்தொழில்' என்ற பெட்டியில் போட்டு மூடிவிட்டோம். எழுத்தணியைக் கலை என்கிறோம், பாயைச் சாமான் என்கிறோம். ஆண் செய்து சுவரில் ஏறினால் கலை, பெண் செய்து காலடியில் கிடந்தால் சாமான் என்ற கணக்கு இதற்குள் ஒளிந்திருக்கிறதோ என்று எனக்கு ஐயம் உண்டு.

பாய் இந்த மண்ணில் ஏன் இவ்வளவு முக்கியமானது என்று விளங்க வேண்டுமானால், வீடு யாருடையது என்று பார்க்க வேண்டும். கிழக்கிலங்கை முஸ்லிம்களிடம் குடி தாய்வழியாக வருகிறது. கலியாணத்தோடு வீடு மகளுக்கு எழுதப்படுகிறது, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருகிறார். அயலில் வாழும் தமிழர்களிடமும் இதே குடிமுறையும் வீடு கொடுக்கும் வழக்கமும் உண்டு. அக்கரைப்பற்றில் பல ஆண்டுகள் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். சீதன வீடு இன்று பெற்றோருக்கு எவ்வளவு சுமை என்பது வேறு விவாதம். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: வீடு பெண்ணிடமிருந்து பெண்ணுக்குப் போகும் சமூகத்தில், அந்த வீட்டின் அலங்காரமும் பெண்ணிடமிருந்து பெண்ணுக்கே போனது. உம்மாவின் கை, மகளின் கை, பேத்தியின் கை. பாயின் கரை அதே வழியில் இறங்கி வந்தது. மாப்பிள்ளை வந்தால் விரிக்கும் பாய், களரியில் சஹனைச் சுற்றி இருக்க விரிக்கும் பாய், தொழும் பாய், பிள்ளைப்பேற்றுக்குப் பாய், மையித்துக்குப் பாய் என்று ஒரு வாழ்க்கை முழுவதும் அதன்மேல் நடந்து முடிந்தது.

மார்க்கத்தின் பக்கமிருந்து பார்த்தாலும் பாய் நமக்கு அந்நியமல்ல. ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் பாயில் படுத்தெழுந்தபோது அதன் தடம் விலாவில் பதிந்திருந்ததைக் கண்டு உமர் (ரழி) அழுதது நாம் அறிந்த செய்தி. இன்னொரு ஹதீஸ் என்னை அதிகம் தொடுகிறது. அனஸ் (ரழி) அவர்களின் குடும்பத்தில் முலைக்கா என்ற மூதாட்டி சமைத்து நபியவர்களை விருந்துக்கு அழைத்தார். உண்டபின் தொழ வைக்க எழுந்தார்கள். அந்த வீட்டில் நெடுநாள் பாவித்துக் கறுத்துப்போன ஒரு பாய்தான் இருந்தது. அனஸ் (ரழி) அதில் தண்ணீர் தெளித்தார், நபியவர்கள் அதன்மேல் நின்று தொழுதார்கள். ஒரு பெண்ணின் வீட்டுப் பழம்பாய் ஹதீஸ் நூல்களில் இடம்பிடித்திருக்கிறது.

வீட்டில் உருவப்படம் கூடுமா கூடாதா என்ற பேச்சு நம் ஊர்களில் அடிக்கடி எழும். ஆயிஷா நாயகி (ரழி) அவர்கள் தொங்கவிட்ட படத்திரையை நபியவர்கள் வெறுத்ததும், பின்பு அது கிழிக்கப்பட்டுச் சாய்ந்திருக்கும் தலையணையானதும் அந்தப் பேச்சில் மேற்கோளாக வரும். சட்டத் தீர்ப்பை உலமாக்களிடம் விடுகிறேன். ஆனால் எங்கட பெண்கள் அந்தச் சிக்கலுக்குள் போகவே தேவைப்படவில்லை. கட்டமும் கோணமும் கரையுமே பன்னுக்கு இயல்பாக வரும். அல்ஹம்ராவின் சுவரில் ஓடுகள் செய்ததை, அதைக் கேள்விப்பட்டிராத பெண்கள் பன்னில் செய்தார்கள்.

கடலுக்கு அக்கரையிலும் நமக்கு உறவு உண்டு. திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் பட்டுப்போல் மெல்லிய கோரைப்பாய் நெய்பவர்கள் பெரும்பாலும் லெப்பை முஸ்லிம் குடும்பத்தவர்கள். கோரையை ஆற்றுநீரில் ஊறவைத்து, மயிரிழைபோல் கிழித்து, பருத்தி நூல் பாவோட்டித் தறியில் நெய்கிறார்கள். மணமக்கள் பெயரையும் அதில் நெய்து கொடுக்கிறார்கள். இந்திய அரசு அந்தப் பாய்க்குப் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறது. ஊரின் பெயரோடு ஒரு பொருளைச் சட்டத்தால் காக்கும் அந்தஸ்து அது. எங்கட பாய்க்கு ஒரு சரியான விவரப் பட்டியல்கூட நம் கையில் இல்லை.

பட்டியல் இல்லாததை அலட்சியமாக எடுக்க முடியாது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு காத்தான்குடித் தெருவோரப் பேரீச்சை மரங்களும் அரபுப் பெயர்ப்பலகைகளும் நாடு முழுக்கப் பேசுபொருளாயின. 'நீங்கள் எந்த நாட்டவர்?' என்ற கேள்வியை அந்த மரங்களைக் காட்டிக் கேட்டார்கள். பேரீச்சையை நான் குறை சொல்ல வரவில்லை, அரபு நம் தொழுகையின் மொழி. ஆனால் கேள்வி வந்தபோது எடுத்துக் காட்டுவதற்கு நம்மிடம் இருந்தது இந்த மண்ணின் பன். சிங்களப் பெண்ணும் தமிழ்ப் பெண்ணும் முஸ்லிம் பெண்ணும் ஒரே புல்லை வெட்டி, ஆளுக்கொரு கைவண்ணத்தில் இழைத்த நாடு இது. போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டிய காலத்திலேயே முஸ்லிம்கள் இந்தக் கரையில் குடியிருந்தார்கள் என்று நாம் வரலாறு பேசுகிறோம். வரலாற்றை வாயால் சொல்வதோடு வீட்டிலும் வைத்திருந்தால் சொல்லுக்குப் பலம் கூடும்.

வைத்திருப்பதுதான் கஷ்டம். 1978 நவம்பர்ச் சூறாவளி கூரைகளைக் கொண்டுபோனது. 1990இல் வீடு வாசலை விட்டு ஓடியவர்கள் பெட்டகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. 2004 டிசம்பர் 26 மருதமுனை முதலான கரையோர ஊர்களில் வீடுகளையே அள்ளிச் சென்றது. எந்த அனர்த்தமும் வராவிட்டாலும் பன்பாய் நெடுநாள் தாங்காது. பூச்சி அரிக்கும், ஈரம் பிடிக்கும். செப்புக் குடத்தையும் வெற்றிலை வட்டாவையும் அலுமாரியில் பூட்டி நூறு வருசம் வைக்கலாம், பாயை முடியாது. ஒரு பாய் நைந்தபோது அடுத்ததை இழைத்ததால் மட்டுமே இந்தக் கலை இத்தனை தலைமுறை இருந்தது. ஒரு தலைமுறை கையை எடுத்தால் கதை முடிந்தது. கழுவி உலர்த்த இலகுவான, மலிந்த பிளாஸ்டிக் பாய் வந்த நாளிலிருந்து அந்தக் கை மெல்ல எடுபட்டுக்கொண்டிருக்கிறது. நாள்கணக்கில் முதுகு வளைந்து இழைத்ததற்குக் கூலி கட்டாதபோது, இழைக்காத பெண்ணைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை.

காத்தான்குடியில் 2015இல் பூர்வீக நூதனசாலை திறக்கப்பட்டது நல்ல காரியம். ஆனால் நூதனசாலை பாயைக் காக்கும், இழைக்கும் கையைக் காக்காது. நிந்தவூர் எஸ். முத்துமீரான் ஊர் ஊராகப் போய்க் கிராமியக் கவிகளைக் கேட்டு எழுதி வைத்ததால்தான் அவற்றில் பல இன்று நம்மிடம் இருக்கின்றன. பாய்க்கும் அப்படி ஒரு ஆள் வேண்டும், ஒரு ஆள் போதாது. பூவின் பெயர் என்ன, எத்தனை இழைக்கு எத்தனை இழை மாறுகிறது, யாரிடம் படித்தா, எந்த ஊர்ப் பன் என்பதைப் பெட்டிக் கொப்பியில் கட்டம் கட்டமாகப் பதியலாம். கல்விக் கல்லூரி மாணவியர்க்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்க்கும் இது எட்டாத வேலையல்ல. இழைத்தவரின் பெயரையும் அதில் எழுத வேண்டும், ஏனென்றால் இதுவரை எந்தப் பாயிலும் எழுதப்படாதது அதுதான்.

கலியாணத்துக்கு மண்டபமும் மேடையும் பிடிக்கும் செலவில் ஒரு துளி போதும், ஊர்ப் பெண் ஒருவரிடம் நியாய விலைக்கு ஒரு பாய் சொல்லி வாங்க. மாப்பிள்ளைக்கு விரிக்க வேறெதையும் தேடாமல் அதை விரியுங்கள். அடுத்த பாய்க்குப் பன் வெட்ட அந்த ஒரு ஓடரே காரணமாகும்.