மெய்நிகர் கணினிக்கும் ஒரு முகவரி

தாணேயில் இறங்கி, டிரான்ஸ்-ஹார்பர் வண்டிக்கு மாறி, ஐரோலிக்கும் மஹாபேக்கும் வேலைக்குப் போகிறவர்கள் மும்பையை அடுத்த டோம்பிவிலியில் ஏராளம். அவர்களில் தமிழர்களும் உண்டு. நாட்டின் பெரிய டேட்டா சென்டர்களில் பல அந்தத் தடத்தில்தான் இருக்கின்றன. அங்கே ஒரே பெட்டிக்குள் பல மெய்நிகர் கணினிகள் தனித்தனியாக ஓடிக்கொண்டிருக்கும். அதே வித்தையை டோம்பிவிலி ஃபிளாட்டின் மூலையில் சும்மா கிடக்கும் டெஸ்க்டாப்பிலும் செய்யலாம். இதற்குத் தேவையான வசதியை இன்டெல் 2005இலும் ஏஎம்டி 2006இலும் சிப்புக்குள்ளேயே வைத்துவிட்டன. 2007 பிப்ரவரியில் வெளிவந்த லினக்ஸ் 2.6.20இல், அந்த வசதியைக் கொண்டு மெய்நிகர் கணினிகளை ஓட்டும் கேவிஎம் சேர்ந்தது. மென்பொருளுக்குக் காசு கிடையாது. குடும்பப் படங்களைச் சேமிக்க ஒன்று, பிள்ளை புரோகிராம் எழுதிப் பழக ஒன்று என்று ஒரே மாலையில் உருவாக்கிவிடலாம்.

சிரமம் அடுத்த நாள் தெரியும். உள்ளே ஓடும் கணினி இன்டர்நெட்டில் எந்தத் தளத்தையும் திறக்கிறது. ஆனால் ஹாலில் இருக்கிற போனிலிருந்து அதைக் கூப்பிட்டால் பதிலே வருவதில்லை. கோளாறு என்று நினைத்துப் பலர் இந்த இடத்தில் கைவிட்டுவிடுகிறார்கள். இது கோளாறு இல்லை, நேட் என்கிற ஏற்பாடு தன் வேலையைச் செய்கிறது.

லினக்ஸில் மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் லிப்வர்ட், தானாகவே 192.168.122 என்று தொடங்கும் தனி நெட்வொர்க் ஒன்றை உண்டாக்கி, புதிய கணினியை அதற்குள் வைக்கிறது. வீட்டு ரவுட்டர் கொடுக்கும் முகவரிகளோ பெரும்பாலும் 192.168.0 அல்லது 192.168.1 என்று தொடங்குபவை. சொசைட்டி கேட்டில் வாட்ச்மேன், உள்ளே இருப்பவர்கள் ஆர்டர் செய்த பார்சலை ரிஜிஸ்டரில் பார்த்து அனுப்பிவிட்டு, யாரும் வரச்சொல்லாத ஆளை வெளியிலேயே நிறுத்துகிறார் அல்லவா? நேட் செய்வதும் அதுவே. மெய்நிகர் கணினி கேட்டதற்கு வரும் பதில் உள்ளே போகும். போன் தானாக வந்து கதவைத் தட்டினால் நின்றுவிடும்.

நம்பிக்கையில்லாத மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் கணினிக்கு இந்தக் காவல் நல்லதுதான். ஆனால் வீட்டார் எல்லோரும் பயன்படுத்தப்போகும் மெய்நிகர் கணினிக்கு பிரிட்ஜ்தான் சரியான வழி என்பது என் உறுதியான கருத்து.

பிரிட்ஜ் என்பது லினக்ஸ் கர்னலுக்குள்ளேயே இயங்கும் ஒரு சுவிட்ச். ஒரு பக்கம் நிஜமான லேன் வயர் சொருகிய கார்டு, மறு பக்கம் மெய்நிகர் கணினிகளின் கற்பனைக் கார்டுகள். ஒவ்வொரு கற்பனைக் கார்டுக்கும் மேக் முகவரி என்ற அடையாள எண் உண்டு. கேவிஎம்மில் அது பொதுவாக 52:54:00 என்று தொடங்கும், விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இன்னொரு மென்பொருளில் 08:00:27 என்று. எந்த மேக் முகவரி எந்தப் பக்கத்திலிருந்து பேசியது என்பதை பிரிட்ஜ் கவனித்து நினைவில் வைத்துக்கொள்கிறது. 300 விநாடி சத்தமே இல்லையென்றால் மறந்துவிடும், மறுபடி பேசினால் மறுபடி கற்கும். ரவுட்டரின் கண்ணுக்கு மெய்நிகர் கணினியும் டிவி, போன் போல இன்னொரு சாதனம். அதற்கும் ஒரு முகவரியைக் கொடுத்துவிடும்.

அமைக்கும்போது தவறாமல் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பிரிட்ஜ் வந்தபிறகு சர்வரின், அதாவது மெய்நிகர் கணினிகளைத் தாங்கும் டெஸ்க்டாப்பின், ஐபி முகவரி பிரிட்ஜின் மேல்தான் இருக்க வேண்டும், லேன் கார்டின் மேல் இருக்கக் கூடாது. முகவரியை மாற்றும் அந்தக் கணத்தில் இணைப்பு அறுந்துபோகும். தூரத்திலிருந்து லாப்டாப் வழியாக இதைச் செய்கிறவர் அப்படியே வெளியே மாட்டிக்கொள்வார். அந்த ஒரு வேலைக்காவது மானிட்டரும் கீபோர்டும் சர்வரில் சொருகியிருக்கட்டும்.

வைஃபையில் பிரிட்ஜ் போட முயன்று தோற்றவர்கள்தான் அதிகம். கேபிள்காரர் ஜன்னல் கிரில் வழியாகக் கொண்டுவரும் ஃபைபர் எங்கே முடிகிறதோ அங்கே ரவுட்டர் உட்கார்ந்துவிடும், சர்வர் வேறு அறையில் இருக்கும். வயர் இழுக்க மனசில்லாமல் வைஃபையை நம்புவோம். ஆனால் வைஃபையில் ஒரு சாதனம் ரவுட்டருக்கு அனுப்பும் ஒவ்வொரு பொட்டலத்திலும் வழக்கமாக மூன்று மேக் முகவரிகளே முக்கியம்: வாங்கும் ரவுட்டர், அனுப்பும் சாதனம், கடைசியில் போய்ச் சேரவேண்டிய இடம். அனுப்பும் சாதனமும் செய்தியை எழுதியவரும் ஒருவரே என்பது அதன் அடிப்படை அனுமானம். சர்வருக்குள் இருக்கும் இன்னொரு கணினியின் பெயரை எழுத அங்கே கட்டமே இல்லை. தன்னிடம் பதிவு செய்யாத முகவரியிலிருந்து வருவதையும் ரவுட்டர் ஏற்காது. நான்கு முகவரி கொண்ட முறையும் இருக்கிறது, இரு முனையும் அதை ஏற்றால் சரி. இல்லாவிட்டால் கதவு நிலையை ஒட்டி ஒரு லேன் வயர் ஓட்டுவதே தீர்வு.

இன்னொன்று, அனுபவசாலிகளையும் குழப்புவது. நன்றாக அமைத்த மெய்நிகர் கணினியை நகலெடுத்து இரண்டாவதாக்குகிறோம். மேக் முகவரியை மாற்றிய பிறகும் இரண்டுக்கும் ஒரே ஐபி கிடைக்கிறது. லினக்ஸ் வகைகள் சிலவற்றில் ரவுட்டரிடம் முகவரி கேட்கும்போது மேக் முகவரிக்குப் பதிலாக மெஷின் ஐடி என்ற எண்ணிலிருந்து பெற்ற அடையாளமே அனுப்பப்படும். நகலில் அந்த எண்ணும் அப்படியே வந்திருக்கும். அதை அழித்துப் புதிதாக உண்டாக்கினால் சண்டை தீரும். பிறகு ரவுட்டரில் ஒவ்வொன்றுக்கும் நிலையான முகவரியை ஒதுக்கிவிட்டால், மழைக்காலத்தில் கரண்ட் போய் வந்தாலும் அதது தன் இடத்துக்கே திரும்பும்.

வீட்டுக்குள் எல்லாம் சரியான பின், ரயிலிலிருந்தும் அந்தப் படங்களைப் பார்க்க ஆசை வரும். ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, வெளிப்புற முகவரி என்னவென்று பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், நம் வீடே இன்னொரு நேட்டுக்குப் பின்னால் இருக்கிறது என்று பொருள். 2012 ஏப்ரலில் இந்த எண்கள் இணைய நிறுவனங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டன. ஐபிவி4 முகவரிகள் மொத்தம் 429 கோடிதான். ஆசிய-பசிபிக் பகுதிக்கான தாராள இருப்பு 2011 ஏப்ரலிலேயே தீர்ந்துவிட்டது. அதனால் பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. எந்தக் கணினியும் எந்தக் கணினியோடும் நேரே பேசலாம் என்ற எண்ணத்தில் கட்டிய இணையத்தில், நாம் கேட்க மட்டுமே முடிகிற இடத்தில் நிற்கிறோம். எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது.

மாதக் கட்டணம் கொடுத்து நிலையான பொது முகவரி வாங்கலாம். அதைவிட நல்ல வழி ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை. இந்தியாவில் இணையப் பயனர்களில் பாதிக்கு மேற்பட்டோரிடம் அது ஏற்கெனவே இருக்கிறது. வழக்கமாக ஒரு வீட்டு நெட்வொர்க்குக்குள் மட்டும் ஏறத்தாழ 1.84 லட்சம் கோடி கோடி முகவரிகள் அடங்கும். பிரிட்ஜில் இருக்கும் மெய்நிகர் கணினி, உலகில் வேறெங்கும் இல்லாத தனி முகவரி ஒன்றைத் தானே பெற்றுக்கொள்ளும். யாரும் வந்து தட்டலாம் என்பதால் ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வால் இயங்குகிறதா என்று பார்த்து, தேவையான ஒரு போர்ட்டை மட்டும் திறக்க வேண்டும். சோதிக்கும்போது போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் முயலுங்கள். வீட்டு நெட்வொர்க்கிலிருந்தே சோதித்தால், வெளியிலிருந்து வர வழி இல்லாதபோதும் எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் தெரியும்.