வங்கியில் இருப்பது யாருடைய போன் நம்பர்?



2018 பிப்ரவரி மாதம் ஞாபகம் இருக்கிறதா? ஏர்செல் சிம் வைத்திருந்தவர்களுக்கு மறக்கவே மறக்காது. 1999-ல் நம் தமிழ்நாட்டில் தொடங்கி ஊர் ஊராகப் பரவிய கம்பெனி அது. அந்த மாதம் ஒரு நாள் போனை எடுத்துப் பார்த்தால் டவரே இல்லை. "சரி, அதே நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளலாம்" என்று போனால், அதற்கான கோடு நம்பர் எஸ்.எம்.எஸ்.ஸில் வர வேண்டும் என்றார்கள். டவர் இல்லாத போனுக்கு எஸ்.எம்.எஸ். எங்கிருந்து வரும்? கடைகள் முன்னால் கூட்டமான கூட்டம். மாதக் கடைசியில் கம்பெனி திவால் மனுவே போட்டுவிட்டது.

பொறுத்துப் பார்த்துவிட்டுப் பலர் புது சிம் வாங்கினார்கள். அண்ணன் தம்பிக்கு, நாத்தனாருக்கு, வேலை செய்கிற வீட்டம்மாவுக்கு, பால்காரருக்கு என்று எல்லாருக்கும் புது நம்பரைச் சொன்னார்கள். வங்கிக்கு மட்டும் சொல்லவில்லை. இன்றைக்கும் சில பேருடைய கணக்கில் அந்தப் பழைய நம்பரே கிடக்கிறது.

முடிச்சூர், அகரம்தென், மதுரப்பாக்கம், வேங்கைவாசல் பக்கம் குழுக் கூட்டங்களுக்குப் போகும்போது நான் இந்த ஒரு கேள்வியைக் கேட்பது வழக்கம்: "உங்க பாஸ்புக்குக்கு எந்த நம்பர் குடுத்திருக்கீங்க?" வருகிற பதிலைக் கேளுங்கள். "என் வீட்டுக்காரர் நம்பர் மேடம்." "பையன் நம்பர்." "கணக்குத் தொடங்க கூட வந்தாங்களே, அந்த அக்கா நம்பர்." "அதெல்லாம் தெரியாது மேடம், அப்போ எங்கிட்ட போனே இல்ல." தன் சொந்த நம்பரைச் சொல்பவர்களிலும் பலர் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொல்கிறார்கள்.

நம்பர்தானே, யாருடையதாக இருந்தால் என்ன என்று தோன்றும். ஒரு காலத்தில் அது பெரிய விஷயம் இல்லைதான். பணம் எடுக்க கையெழுத்து வேண்டும், நேரில் போக வேண்டும். இப்போது அப்படி இல்லை. போனில் பணம் அனுப்புகிற யு.பி.ஐ. ஆப் எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். ஆப்பைப் போட்டதும், போனில் இருக்கிற சிம்மிலிருந்து ஒரு எஸ்.எம்.எஸ். தானாகவே போகும். "இந்த நம்பர் யாருடைய கணக்கில் பதிவாகியிருக்கிறது?" என்று பார்த்து, அந்தக் கணக்கை எடுத்து வந்து திரையில் காட்டும். பிறகு ஏ.டி.எம். கார்டின் கடைசி 6 எண்ணும், கார்டு காலாவதி ஆகிற மாதம், வருஷமும் கேட்கும். அதே சிம்முக்கு ஓ.டி.பி. வரும். அதைப் போட்டால் புது பின் நம்பர் வைத்துக்கொள்ளலாம். கையெழுத்து கேட்காது, உங்கள் முகத்தையும் பார்க்காது. சிம்மும் கார்டும் யார் கையில் இருக்கிறதோ, வங்கிக்கு அவர்தான் நீங்கள்.

தாம்பரத்தில் அடுக்குமாடி வீடுகளில் வேலை செய்கிற ஒரு அக்கா, குழுக் கூட்டத்தில் மூன்று மாதமாக ஒரே குறை சொல்லிக்கொண்டிருந்தார். உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் எல்லாருக்கும் வருகிறது, தனக்கு மட்டும் வரவில்லை என்று. 2023 செப்டம்பர் 15-ல் காஞ்சிபுரத்தில் அந்தத் திட்டம் தொடங்கியபோது 1 கோடிக்கும் மேலான பெண்களுக்குப் பணம் போனது. தன்னை விட்டுவிட்டார்கள் என்றுதான் அவர் நினைத்திருந்தார். பாஸ்புக்கை அடித்துப் பார்க்கச் சொன்னோம். பணம் மாதாமாதம் வந்திருந்தது. 150, 200, 90 என்று சின்னச் சின்னத் தொகையாக வெளியேயும் போயிருந்தது. பெட்ரோல் பங்க், பிரியாணிக் கடை, போன் ரீசார்ஜ். கணக்கில் இருந்தது மகனுடைய நம்பர். கார்டும் வீட்டு அலமாரியிலேயே இருந்தது.

மகனைத் திருடன் என்று சொல்ல நான் வரவில்லை. "அம்மா காசுதானே" என்று எடுத்திருக்கிறான். ஆனால் அந்த அக்கா மூன்று மாதம் சந்தா கட்டத் தடுமாறி, குழுவில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாரே, அதற்கு என்ன பதில்? மகனைத் திட்டுவதா, வங்கியில் நம்பரை மாற்றுவதா என்று கேட்டார். இரண்டையும் செய்தார்.

பழைய நம்பர் வேறு ஆளுக்குப் போய்விடும்

ரீசார்ஜ் செய்ய வசதி இல்லாமல் சிம்மை அப்படியே போட்டுவிடுகிறோம் இல்லையா? தொடர்ந்து 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல் கிடந்தால் கம்பெனி அந்த நம்பரை நிறுத்தலாம். நிறுத்திய பிறகு குறைந்தது 90 நாள் கழித்து வேறு ஒருவருக்குக் கொடுக்கலாம். 2023 நவம்பரில் உச்ச நீதிமன்ற வழக்கு ஒன்றில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமே இதைச் சொன்னது. ஆக, நீங்கள் தூக்கிப்போட்ட நம்பர் அரை வருஷத்தில் எங்கோ ஒரு ஊரில், முன்பின் தெரியாத ஒருவர் பாக்கெட்டில் இருக்கும். உங்கள் கணக்கின் எஸ்.எம்.எஸ். அவருக்குப் போகும், ஓ.டி.பி.யும் போகும். அவர் நல்லவராக இருந்தால் பிழைத்தோம்.

கைமாறிய நம்பர்களை வாரம் ஒருமுறையாவது பட்டியலில் சரிசெய்ய வேண்டும் என்று வங்கிகளுக்கும் யு.பி.ஐ. ஆப்களுக்கும் 2025 ஏப்ரல் முதல் விதி இருக்கிறது. நல்லதுதான். ஆனால் அவர்கள் பழையதை எடுத்துவிடுவார்களே தவிர, உங்கள் புது நம்பர் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

குழுக் கணக்கு

இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். ஊக்குநர், பிரதிநிதிகளை மாற்றும்போது என்ன செய்கிறோம்? தீர்மானம் போடுகிறோம். அதை வங்கியில் கொடுத்துக் கையெழுத்தை மாற்றுகிறோம். போன் நம்பரை மாற்றுகிறோமா? பெரும்பாலும் இல்லை. ஊக்குநர் மாறி நான்கு வருஷம் ஆன பிறகும் குழுக் கணக்கின் செய்தி பழைய ஊக்குநருக்கே போய்க்கொண்டிருந்த குழுக்கள் நம்மிடையே உண்டு. அவர் கல்யாணமாகி வேறு ஊர் போயிருப்பார், அல்லது மனத்தாங்கலில் விலகியிருப்பார். கடன் வந்ததும், தவணை பிடித்ததும், அபராதம் போட்டதும் அவருக்குத் தெரியும், குழுவுக்குத் தெரியாது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கே அது தொல்லைதான்.

தீர்மானம் எழுதும்போதே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: "இன்று முதல் நமது குழுக் கணக்கிற்கான அலைபேசி எண் இது" என்று புது எண்ணை எழுதி, அதற்குக் கீழே எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். வங்கியில் கையெழுத்து மாற்றக் கொடுக்கும் கடிதத்திலேயே நம்பரையும் மாற்றித் தரக் கேளுங்கள். இன்னொரு பழக்கமும் நல்லது. ஒவ்வொரு கூட்டத்திலும் வரவு செலவு படிக்கும்போது, போனில் வந்த வங்கிச் செய்திகளையும் சத்தமாகப் படித்துப் பாஸ்புக்கோடு ஒத்துப் பாருங்கள். பத்து நிமிஷ வேலை. சில குழுக்களில் இதை ஊக்குநர் மேல் சந்தேகம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது புரியவில்லை. கணக்குத் திறந்து கிடந்தால் முதல் பாதுகாப்பு ஊக்குநருக்குத்தானே?

இங்கிலீஷ் செய்தியைப் படிப்பது எப்படி?

"நம்பரை மாத்திட்டேன் மேடம், மெசேஜும் வருது. ஆனா எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கே" என்பார்கள். ஏன் தமிழில் அனுப்புவதில்லை? ஒரு காரணம் இடம். ஒரு எஸ்.எம்.எஸ்.ஸில் இங்கிலீஷ் எழுத்து என்றால் 160 பிடிக்கும், தமிழ் என்றால் 70 தான். அதிலும் 'கி', 'சு' மாதிரி எழுத்துக்கு இரண்டு இடம், 'கொ' என்றாலும் இரண்டு இடம். அதனால் ஒரே செய்தி தமிழில் இரண்டு மூன்று எஸ்.எம்.எஸ். ஆகிவிடும், செலவும் கூடும். இது காரணம்தானே ஒழிய நியாயம் இல்லை என்பது என் கருத்து.

அதுவரை ஒரு குறுக்கு வழி. பணம் வந்தால் 'கிரெடிட்', போனால் 'டெபிட்'. கிரெடிட்டின் முதல் எழுத்து பிறை நிலா மாதிரி, வாய் திறந்தபடி இருக்கும். வாய் திறந்திருக்கிறது, பணம் உள்ளே வருகிறது. டெபிட்டின் பெரிய எழுத்து வாயை மூடிக்கொண்டு தொப்பை வைத்திருக்கும். சின்ன எழுத்தாக இருந்தால் உருண்டைக்கு வலது பக்கம் உயரமாக ஒரு குச்சி நிற்கும். பணம் போய்விட்டது. அகரம்தென்னில் ஒரு பாட்டி இதை ஒரே நாளில் பிடித்துக்கொண்டார். இப்போது பேத்தியின் போனையும் அவர்தான் வாங்கிப் பார்க்கிறார். சில வங்கிகள் வேறு வார்த்தையும் போடுகின்றன. குழப்பமாக இருந்தால் மீதித் தொகையைப் பாருங்கள். பட்டன் போனில்கூட *99# அடித்து, மொழியில் தமிழைத் தேர்ந்தெடுத்து மீதி பார்க்கலாம். நெட் வேண்டாம். ஆனால் அதுவும் கணக்கில் பதிவான நம்பரிலிருந்து அடித்தால்தான் பேசும்.

செய்தி எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். உண்மையான வங்கிச் செய்தி, நம்மைப் போல 10 இலக்க நம்பரிலிருந்து வராது. வங்கியின் பெயரைச் சுருக்கிய எழுத்துகளில் வரும். 2025 மே மாதத்திலிருந்து அந்தப் பெயரின் கடைசியில் ஒரு எழுத்தும் சேர்க்கிறார்கள். அரசு என்றால் 'ஜி', விளம்பரம் என்றால் 'பி', சேவைச் செய்தி 'எஸ்', பரிவர்த்தனை 'டி'. சாதாரண நம்பரிலிருந்து "உங்கள் கணக்கில் 5,000 வரவு" என்று ஒரு செய்தி வந்து, பின்னாடியே "தெரியாம உங்களுக்கு அனுப்பிட்டேம்மா, ஆஸ்பத்திரி செலவு, திருப்பி அனுப்பிடுங்க" என்று அழுகைக் குரலில் போன் வந்தால், முதலில் மீதியைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு ரூபாயும் வந்திருக்காது. இன்னொன்று, பணம் வாங்குவதற்கு பின் நம்பர் எப்போதும் தேவையில்லை. பின் கேட்கிறது என்றால் உங்கள் பணம் போகப்போகிறது.

கைரேகை மெஷின்

போஸ்ட்மேன் கொண்டு வருவதும், வங்கி மித்ரா வைத்திருப்பதும் கையடக்க மெஷின்தான். வசதியான விஷயம், நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு தடவை விரல் வைப்பதும் ஒரு கையெழுத்துக்குச் சமம். "சர்வர் இல்லம்மா, இன்னொரு தடவை வைங்க" என்றால், முதல் தடவை வைத்தது என்ன ஆயிற்று என்று சீட்டு கேளுங்கள், எஸ்.எம்.எஸ். வந்ததா பாருங்கள், பிறகு வையுங்கள். உங்கள் நம்பரே கணக்கில் இல்லை என்றால் இதைச் சரிபார்க்க வழியே கிடையாது. தெருவில் குடை போட்டு சிம் விற்பவர்களிடமும் இதே கவனம் வேண்டும். இரண்டாம் தடவை விரல் வைத்ததில் உங்கள் பெயரில் இன்னொரு சிம் பிறந்திருக்கலாம். உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பார்க்கலாம். படித்த பிள்ளைகளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

மாற்றுவது எப்படி?

உங்கள் பெயரில் உள்ள சிம், நீங்கள் தினமும் கையில் வைத்திருக்கிற போன். இதுதான் முதல் தேவை. பாஸ்புக், ஆதார் அட்டையோடு கணக்கு உள்ள கிளைக்குப் போய் நம்பர் மாற்றும் படிவம் கேளுங்கள். "அடுத்த வாரம் வாம்மா" என்றால் படிவத்தைக் கொடுத்துவிட்டு, வாங்கிக்கொண்டதற்கு நகலில் சீல் வாங்கி வாருங்கள். ஆதாரிலும் பழைய நம்பர் இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். ஆதார் மையத்தில் 2025 அக்டோபர் நிலவரப்படி 75 ரூபாய். இந்த வேலைக்கு 2021-லிருந்து போஸ்ட்மேனும் வீட்டுக்கே வருகிறார்.

போனில் *#06# அடித்தால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும். பட்டன் போனிலும் வரும். காகிதத்தில் எழுதி வையுங்கள். போன் தொலைந்தால் அதை முடக்க இந்த எண் வேண்டும். முக்கியமான போன் நம்பர்களையும் காகிதத்தில்தான் எழுத வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் மக்கள் கரண்ட் இல்லாமல் செத்த போனைக் கையில் வைத்துக்கொண்டு, சொந்த அண்ணன் நம்பர்கூட மனப்பாடமாகத் தெரியாமல் நின்றார்கள்.

போன் தொலைந்தால் முதலில் சிம்மை நிறுத்தச் சொல்லுங்கள், அடுத்து வங்கிக்குச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அடியுங்கள். பணம் அடுத்த கணக்கிலிருந்து வெளியே எடுக்கப்படுவதற்குள் சொன்னால் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. "வீட்டுக்காரர் வரட்டும், கேட்டுட்டு சொல்றேன்" என்று ராத்திரி வரை காத்திருக்காதீர்கள். நாமே ஏமாந்து பின் நம்பரைச் சொல்லியிருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு போகிற பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு என்று ரிசர்வ் வங்கி 2017-லேயே சொல்லியிருக்கிறது. அதனால் புகார் நம்பரையும், புகார் சொன்ன நேரத்தையும் குறித்து வையுங்கள்.

அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு எல்லாரும் பாஸ்புக், ஆதார், போன் மூன்றையும் கொண்டு வாருங்கள். யாருக்கு எந்த நம்பர் இருக்கிறது என்று பார்த்து, படிவங்களை அங்கேயே உட்கார்ந்து நிரப்பிவிடலாம். பாஸ்புக் அடித்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் முன்கூட்டியே அடித்துக்கொண்டு வந்துவிடுங்கள். மாத முதல் வாரம் வேண்டாம், மெஷின் முன்னால் வரிசை வாசல் வரைக்கும் நிற்கும்.