தமிழ் வேடங்களால் விருது வாங்கிய மெஹ்மூத்

இந்திப் படங்களில் "மதராசி" என்றால் ஓர் உருவம் உண்டு. குடுமி, வேட்டி, இழுத்து இழுத்துப் பேசும் இந்தி, வாய்க்கு வாய் "அய்யோ". அந்த உருவத்தை நாடு முழுவதும் பதியவைத்தவர் சிரிப்பு நடிகர் மெஹ்மூத். படம், 1968-இல் வந்த 'படோசன்'. அதில் மாஸ்டர் பிள்ளை என்ற பாட்டு வாத்தியாராக அவர் வந்தார். கிஷோர் குமாரின் கோஷ்டியோடு போட்டிப் பாட்டுப் பாடித் தோற்றார். கதாநாயகியையும் இழந்தார். தியேட்டர்கள் சிரிப்பில் அதிர்ந்தன.

அந்தச் சிரிப்பு பம்பாய்த் தமிழர்களுக்கு முழுதாக இனிக்கவில்லை. 1966-இல் தொடங்கிய சிவசேனை, அலுவலக வேலைகளில் தென்னிந்தியர் நிறைந்திருப்பதை எதிர்த்துக் குரல் எழுப்பிய காலம் அது. வெளியே வேட்டிக்கு எதிர்ப்பு. திரையில் வேட்டிக்குக் கேலி. ஆனால் அந்த மெஹ்மூத்தின் புகழில் பாதிக்குமேல் தமிழ்ப் படங்கள் கொடுத்தது என்பது பலருக்குத் தெரியாது.

டிரைவர் வேலை

மெஹ்மூத் 1932 செப்டம்பர் 29-ந்தேதி பம்பாயில் பிறந்தார். தந்தை மும்தாஜ் அலி பெயர் பெற்ற திரைப்பட நடனக்காரர். தங்கை மீனு மும்தாஜும் நடிகை. 1943-இல் வந்த 'கிஸ்மத்' படத்தில் அசோக்குமாரின் சிறு வயது வேடம் மெஹ்மூத்துக்குக் கிடைத்தது.

ஆனால் குடும்பம் நொடித்தது. வாலிபத்தில் கிடைத்த வேலையை எல்லாம் அவர் செய்தார். டைரக்டர் பி.எல்.சந்தோஷிக்குக் கார் ஓட்டினார். நடிகை மீனாகுமாரிக்கு டேபிள் டென்னிஸ் சொல்லிக் கொடுத்தார். அங்கே பழக்கமான மீனாகுமாரியின் தங்கை மதுவை மணந்தார்.

பிறகு துண்டு வேடங்கள். 'தோ பீகா ஜமீன்' (1953) படத்தில் கடலை விற்பவர். 'சி.ஐ.டி.' (1956) படத்தில் கொலைகாரன். 'பியாசா' (1957) படத்தில் கதாநாயகனை மதிக்காத அண்ணன். சிரிப்பு நடிகர் என்று பெயர் எடுக்க, 'கிஸ்மத்' வந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

சந்திரபாபு, நாகேஷ்

அவருக்கு முதல் பிலிம்பேர் விருதை வாங்கித் தந்த படம் 'தில் தேரா தீவானா' (1962). அது பி.ஆர்.பந்துலுவின் 'சபாஷ் மீனா'வே. தமிழில் சந்திரபாபு செய்த வேடத்தை இந்தியில் மெஹ்மூத் செய்தார்.

அடுத்து 'காதலிக்க நேரமில்லை'. ஓஹோ புரொடக்ஷன்ஸ் செல்லப்பாவாக நாகேஷ், பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லிக் கலங்கவைக்கும் காட்சியை மறக்க முடியுமா? ஸ்ரீதரே இந்தியில் 'பியார் கியே ஜா' (1966) என்று எடுத்தார். மெஹ்மூத் கதை சொல்ல, ஓம் பிரகாஷ் நடுங்கினார். சிரிப்பு நடிகருக்கென்று பிலிம்பேர் தனி விருது ஏற்படுத்தியபோது, முதல் விருது இந்த வேடத்துக்கே போயிற்று.

அதோடு நிற்கவில்லை. 'சர்வர் சுந்தரம்' 1971-இல் 'மை சுந்தர் ஹூம்' ஆயிற்று. 'எதிர்நீச்சல்' அதே ஆண்டில் 'லாக்கோன் மே ஏக்' ஆயிற்று. 'மெட்ராஸ் டு பாண்டிச்சேரி' 1972-இல் 'பம்பாய் டு கோவா' ஆயிற்று. இந்தப் பஸ்ஸில் மெஹ்மூத் கண்டக்டர்; அவர் தம்பி அன்வர் அலி டிரைவர்; கதாநாயகன், அப்போது பெயர் எடுக்காத அமிதாப் பச்சன். அமிதாப்புக்குத் தங்க இடம் கொடுத்ததும் மெஹ்மூத் வீடுதான்.

சாப்பாட்டுக்கு ஊரார் கையை எதிர்பார்க்கும் அனாதை, ஓட்டல் சர்வர், பஸ் கண்டக்டர் என்று சாதாரண மனிதனை நடுவில் நிறுத்தியவை இந்தக் கதைகள். கார் ஓட்டிப் பிழைத்த மெஹ்மூத்துக்கு அவை பொருந்தியதில் வியப்பில்லை.

டைரக்டராக

சொந்தமாகப் படம் எடுத்தபோது புதியவர்களை நம்பினார். ஆர்.டி.பர்மன் இசையமைத்து வெளிவந்த முதல் படம் மெஹ்மூத் தயாரித்த 'சோட்டே நவாப்' (1961). மெஹ்மூத் டைரக்ட் செய்த 'பூத் பங்களா' (1965) படத்தில் பர்மன் நடிக்கவும் செய்தார்.

அவர் டைரக்ட் செய்தவற்றில் மனதைத் தொட்டது 'குவாரா பாப்' (1974). யாரோ விட்டுப்போன குழந்தையை ஒரு ரிக்ஷாக்காரன் எடுத்து வளர்க்கிறான். குழந்தைக்கு இளம்பிள்ளை வாதம். ரிக்ஷாக்காரனாக மெஹ்மூத்; பையனாக, உண்மையிலேயே அந்த நோயால் பாதிக்கப்பட்ட அவருடைய மகன். சிரிக்கப் போனவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள்.

பின்னர் கதாநாயகர்களே சிரிப்புக் காட்சிகளையும் செய்யத் தொடங்கினார்கள். மெஹ்மூத்துக்கு வாய்ப்புகள் குறைந்தன. 1996-இல் 'துஷ்மன் துனியா கா' படத்தை டைரக்ட் செய்தார். சிகிச்சைக்காக அமெரிக்கா சென்றிருந்தவர், 2004 ஜூலை 23-ந்தேதி பென்சில்வேனியாவில் தூக்கத்திலேயே காலமானார். வயது 71.

'படோசன்' கதையும் தமிழுக்குப் புதிதல்ல. ஒரே வங்காளக் கதை, தமிழில் 'அடுத்த வீட்டுப் பெண்' (1960) என்று எட்டு ஆண்டுகள் முன்பே வந்துவிட்டது. இன்றும் டெலிவிஷனில் மாஸ்டர் பிள்ளையைப் பார்த்து, அடுத்த மேஜைக்காரர் "அய்யோ" என்று கேலி செய்யலாம். அவரோடு சேர்ந்து சிரிக்கலாம், தவறில்லை. சிரித்து முடித்ததும் சந்திரபாபு, நாகேஷ் பெயர்களையும் அவருக்குச் சொல்லிவைக்கலாம்.