ராத்திரி 2 மணிக்கு எத்தனை பேஷண்ட்?

நர்சிங் முடித்த பெண்ணுக்கு ஒரே வாரத்தில் இரண்டு ஆஃபர் லெட்டர் வந்தால், வீட்டில் முதலில் பார்ப்பது சம்பளத்தை. அப்புறம் ஹாஸ்டல் உண்டா, சாப்பாடு உண்டா, பாண்டு எத்தனை வருஷம். கல்விக்கடன் தவணை கழுத்தை நெரிக்கும்போது அப்படித்தான் பார்க்க முடியும். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கடிதத்தில் பெரும்பாலும் இல்லாத ஓர் எண்ணைக் கேட்டு வாங்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. ஒரு ஷிஃப்டில் எத்தனை நோயாளிகள் உங்கள் பொறுப்பு?

12 மணி நேர நைட் ட்யூட்டி, 12 நோயாளிகள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு மணி நேரம். ஹேண்டோவர், கேஸ் ஷீட், மருந்து இருப்பு, நடுவில் வரும் புது அட்மிஷன் எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும். மிச்சத்தில் பிபி, டெம்பரேச்சர், ஆன்டிபயாடிக், டிரிப். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். ஒருவர் மட்டும் செய்கிற வேலை இல்லை அது. இன்சுலின் போடுவதற்கு முன் அளவை இன்னொரு நர்ஸ் சரிபார்ப்பது நல்ல வழக்கம். வார்டில் நீங்கள் ஒருவர்தான் என்றால் யாரைக் கூப்பிடுவது? ஆபரேஷன் முடிந்து வந்தவருக்கு மூச்சு லேசாக வேகமாகிறது, சிறுநீர் குறைகிறது. நிலைமை கைமீறுவதற்கு முன் உடம்பு காட்டும் இந்த அடையாளங்களை முதலில் பார்க்க வேண்டியவர் நர்ஸ். அவர் அந்த நேரத்தில் வார்டின் மறுகோடியில் இன்னொருவருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தால்?

இதன் விளைவை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்த லிண்டா ஏக்கன் குழு 2002-இல் முடிவை வெளியிட்டது. ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், அறுவை சிகிச்சை நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. நர்ஸ்கள் மனம் சோர்ந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடியது. ஐரோப்பாவில் ஒன்பது நாடுகளில் நடத்தி 2014-இல் வெளியான ஆய்விலும் இறப்புக்கு அதே 7 சதவீதம்தான் வந்தது.

ஒரு நர்ஸுக்கு இத்தனை நோயாளிதான் என்பதை அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் சட்டமாகவே ஆக்கியது. 1999-இல் இயற்றி 2004-இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி ஐசியூவில் ஒரு நர்ஸுக்கு 2 பேர், அவசர சிகிச்சைப் பிரிவில் 4 பேர். பொது வார்டில் முதலில் 6 பேர், அடுத்த கட்டமாக 5 பேர். அந்த 5-ஐத் தள்ளிப்போட அன்றைய ஆளுநர் அர்னால்ட் ஸ்வார்ஸ்னேகரின் அரசு முயன்றது. நர்ஸ்கள் சங்கம் நீதிமன்றம் போய்த் தடுத்தது. எனக்கு இந்தச் சட்டத்தில் மிகவும் பிடித்தது, அந்த எண் எல்லா நேரமும் பொருந்த வேண்டும் என்பது. நர்ஸ் சாப்பிடப் போனால் அவருடைய நோயாளிகளை இன்னொருவர் ஏற்க வேண்டும். அந்த இன்னொருவருக்கும் எண்ணிக்கை மீறக் கூடாது. நிர்வாக வேலை மட்டும் பார்க்கும் இன்சார்ஜைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

நம் ஊரில் குழப்பமே இந்த எண்ணை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதில்தான். இந்திய நர்சிங் கவுன்சிலின் நெறிமுறை, போதனா மருத்துவமனையின் பொது வார்டுக்கு மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்கிறது. கலிஃபோர்னியாவை விட மேல் என்று தோன்றும். ஆனால் அது நியமனக் கணக்கு. மூன்று ஷிஃப்டுக்கும் பிரித்தால் ஒரு ஷிஃப்டில் ஒன்பது பேருக்கு ஒருவர். லீவுக்கென்று தனியாக 30 சதவீதம் ஆள் வைக்கவும் நெறிமுறை சொல்கிறது. அதை வைக்காத இடத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அந்த ஒன்பதும் ஏறும். மீறினால் தண்டிக்கும் கலிஃபோர்னியா மாதிரிச் சட்டமும் இங்கே இல்லை.

அதனால் இண்டர்வியூவில் "ரேஷியோ என்ன?" என்று மட்டும் கேட்டால் அழகான பதில்தான் வரும். "போன வாரம் இந்த வார்டில் ராத்திரி 2 மணிக்கு எத்தனை பேஷண்ட், எத்தனை ஸ்டாஃப் நர்ஸ்?" என்று கேளுங்கள். ட்ரெயினிங் வந்த மாணவிகளையும் அதில் எண்ணுகிறார்களா? லீவு விழுந்தால் மாற்று ஆள் உண்டா, பகல் பார்த்தவரையே டபுள் ட்யூட்டிக்கு நிறுத்துவார்களா? புதிதாகச் சேர்ந்தவரிடம் எத்தனை நாள் கழித்துத் தனியாக நோயாளிகளை ஒப்படைப்பார்கள்? முடிந்தால் காலையில் போய் வார்டைப் பாருங்கள். நைட் ட்யூட்டி முடிந்து ஒரு மணி நேரம் ஆன பிறகும் சிஸ்டர்கள் நின்றுகொண்டே கேஸ் ஷீட் எழுதிக்கொண்டிருந்தால், எச்.ஆர். சொல்லாத பதில் கிடைத்துவிட்டது.

வெளிநாட்டு வேலை என்றால் உட்கார்ந்த இடத்திலேயே கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம். இங்கிலாந்தின் என்.எச்.எஸ். மருத்துவமனைகள், திட்டமிட்ட நர்ஸ் நேரம் எவ்வளவு, உண்மையில் கிடைத்தது எவ்வளவு என்பதை மாதாமாதம் பகல், இரவு எனப் பிரித்து வெளியிடுகின்றன. அதில் உதவியாளர் நேரமும் வரும். பதிவு பெற்ற நர்ஸுக்கு உரிய எண்ணைத் தனியாகப் பாருங்கள். இங்கிலாந்தில் சட்டம் போட்ட ரேஷியோ கிடையாது. ஆனால் பெரியவர்களுக்கான வார்டில் பகலில் ஒரு நர்ஸுக்கு எட்டு பேருக்கு மேல் போனால் ஆபத்து கூடுகிறது என்று அங்கு மருத்துவ நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2014-இலேயே எச்சரித்தது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து 2016-இல் பகலில் 4, இரவில் 7 என்று குறிப்பிட்ட சில அரசு மருத்துவமனை வார்டுகளுக்கு வரையறுத்தது.

ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் இடத்திலும், நடுவில் விலகினால் பெருந்தொகை கட்டச் சொல்லும் இடத்திலும் நோயாளி எண்ணிக்கையை இன்னும் கறாராக விசாரிக்க வேண்டும். அங்கே வேலை தாங்க முடியாமல் போனாலும் வெளியே வர வழி இல்லை. மாதம் 3,000 ரூபாய் கூட வருகிறது என்று அப்பா அம்மா சொல்வார்கள். எத்தனை நோயாளிக்கு அந்த 3,000 என்று அவர்களிடமும் விளக்கிச் சொல்லுங்கள். வேலைக்கு எடுப்பவர் வாயால் சொன்ன எண்ணை மின்னஞ்சலில் உறுதிப்படுத்தச் சொல்லுங்கள், மரியாதையாகவே. எழுதித் தரத் தயங்கினால், இன்னொரு ஆஃபரைக் கையில் எடுங்கள்.