நிற்கும் காரும் நாயின் மூச்சும்

கோடை விடுமுறைக்கு நாயையும் காரில் ஏற்றிக்கொண்டு மலைக்குக் கிளம்பும் குடும்பங்கள் பெருகிவிட்டன. என்ன ஏற்பாடு செய்தீர்கள் என்று கேட்டால், வாந்திக்கு மாத்திரை, சீட்டில் விரிக்கப் பழைய போர்வை, முன்பக்கம் தாவாமலிருக்க பெல்ட் என்று வரிசையாகச் சொல்வார்கள். எல்லாம் வேண்டியவைதாம், சட்டென்று பிரேக் போட்டால் கட்டாத நாய் முன்சீட்டில் போய் மோதும். ஆனால் இவை அனைத்தும் கார் ஓடும்போது வரும் தொல்லைகளுக்கான ஏற்பாடுகள். நாய்க்குப் பெரிய ஆபத்து கார் நின்ற பிறகு தொடங்குகிறது. சாப்பிட இறங்குகிறோம். ஓட்டலில் நாயை உள்ளே விடமாட்டார்கள். கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கிவிட்டு, பூட்டிக்கொண்டு போகிறோம். அந்த இரண்டு விரற்கடையை எவ்வளவு நம்பலாம்?

அளந்தே பார்த்திருக்கிறார்கள். காரில் விடப்படும் குழந்தைகளை மனத்தில் வைத்து ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் கலிஃபோர்னியாவில் செய்த ஆய்வு 2005-ல் வெளியானது. வெளியே 22 டிகிரி செல்சியஸ் மட்டுமே இருந்த நாளில்கூட, வெயிலில் நின்ற காரின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்தில் 47 டிகிரியைத் தொட்டது. ஏறிய சூட்டில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணியிலேயே ஏறிவிட்டது. கண்ணாடியை 4 செ.மீ. போல இறக்கி வைத்துப் பார்த்தும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. 22 டிகிரி என்பது சீசன் நேரத்து ஊட்டியின் பகல் வெப்பம். ஆகவே ‘மலையில்தான் குளுகுளுவென்று இருக்கிறதே’ என்ற பேச்சு பூட்டிய காருக்குச் செல்லாது. கண்ணாடி வழியே நுழையும் வெயில் கறுத்த டேஷ்போர்டிலும் சீட்டிலும் விழுந்து அவற்றைக் காய்ச்சுகிறது, அவை உள்ளிருக்கும் காற்றைக் காய்ச்சுகின்றன. சிறு இடுக்கு வழியே வெளியேறும் சூடு, உள்ளே வந்துகொண்டே இருக்கும் சூட்டுக்கு ஈடாவதில்லை. நிழலில் நிறுத்தினால்? அரிசோனாவின் கோடையில் செய்து 2018-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற கார்களின் உள்ளே சராசரியாக 47 டிகிரி, நிழலில் நின்றவற்றில் 38. நல்ல குறைவுதான். ஆனால் 38 என்பது நாயின் உடல் வெப்பத்தையே ஒட்டிய அளவு. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

சுற்றியுள்ள காற்று உடலைவிடக் குளிர்ந்திருக்கும்வரை நாயின் மேனியிலிருந்து சூடு தானாகக் கழியும். இரண்டும் சமமாகிவிட்டால், ஈரத்தை ஆவியாக்குவது ஒன்றே வழி. நமக்கு மேனி முழுக்க வியர்க்கும். நாய்க்கோ உள்ளங்காலில் வியர்ப்பது கணக்கில் வராது. நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதுதான் அதன் வியர்வை. விலங்குகளின் உடலியலை ஆராய்ந்த க்னுட் ஷ்மிட்-நீல்சனும் அவருடைய குழுவினரும் 1970-ல் காட்டியது சுவையான செய்தி. இரைக்கும் நாய் பெரும்பாலும் மூக்கால் இழுத்து வாயால் விடுகிறது. மூக்கினுள் சுருள்சுருளாக மடிந்த எலும்புகளின் மேல் படர்ந்த ஈரச்சவ்வைத் தடவிக்கொண்டு போகும் காற்று, சூட்டோடு வெளியேறிவிடுகிறது. திரும்ப அதே வழியில் வந்து சூட்டை ஒப்படைப்பதில்லை. நிமிடத்துக்கு 300 தடவைபோல இரைத்தும் நாய் எளிதில் களைப்பதில்லை. ஊஞ்சலை அதன் ஆட்டத்துக்கு ஒத்துத் தள்ளினால் கை வலிக்காததுபோல, நெஞ்சுக்கூட்டின் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போகும் வேகம் அது. இவ்வளவு நேர்த்தியான ஏற்பாட்டுக்கும் ஒரு நிபந்தனை உண்டு: காற்று வறண்டிருக்க வேண்டும். பூட்டிய காரில் நாயின் மூச்சே காற்றை ஈரமாக்குகிறது. இரைக்க இரைக்க இரைப்பின் பலன் குறைகிறது. மூக்கு சப்பையான பக், புல்டாக், ஷிட்சூ போன்ற இனங்களுக்குத் தொடக்கத்திலேயே பாதி வழி அடைத்துக் கிடக்கிறது. மனிதர் ரசனைக்காக மூக்கைக் குறுக்கியதன் விலையை அவை கொடுக்கின்றன.

தெருநாய்கள் கத்திரி வெயிலிலும் பிழைக்கின்றனவே என்பார்கள். நண்பகலில் அவற்றைக் கவனியுங்கள்: சாக்கடை ஓர ஈரத்தில், லாரிக்கு அடியில், மணலைப் பறித்த குழியில் கிடக்கும். இடம் மாறும் உரிமைதான் அவற்றைக் காப்பாற்றுகிறது, பூட்டிய நாய்க்கு அது இல்லை. இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று பிரிட்டனிலிருந்து வருகிறது. அங்கே கால்நடை மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்து 2020-ல் வெளியான ஆய்வில், காரணம் தெரிந்த வெப்பத்தாக்குகளில் முக்கால் பங்கு ஓட்டத்தாலும் நடையாலும் வந்தவை. காரில் வந்தவை நூற்றுக்கு ஐந்து. அப்படியானால் கார் பயம் மிகையா? நாய்கள் தினமும் நடக்கின்றன, காரில் பூட்டப்படுவது எப்போதாவது. எண்ணிக்கை குறைவு என்பதால் ஒவ்வொரு தடவையின் ஆபத்தும் குறைவாகிவிடாது. காரிலேயே உயிர் விட்ட நாய் மருத்துவமனைப் பதிவில் ஏறாமலும் போகலாம். வெயில் நேரத்தில் நடக்க வைக்காதீர்கள் என்ற பாடத்தை அந்த ஆய்விலிருந்து தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். காரில் விடலாம் என்ற அனுமதி அதில் இல்லை. ஏசியை ஓடவிட்டுப் போகலாமே என்பவர்கள், எஞ்சின் நின்றாலோ நாயின் கால் பட்டு ஸ்விட்ச் அணைந்தாலோ அதைப் பார்க்க அருகில் யார் இருப்பார்கள் என்று சொல்லட்டும்.

இரைப்பு அடங்காமல், எச்சில் கெட்டியாகி, ஈறு செக்கச்சிவந்து, நாய் தள்ளாடினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றிக் காற்று வீசுங்கள். ஈரத்துண்டைப் போர்த்தி வைக்காதீர்கள், அது சூட்டை அடைத்துவைக்கும். சூட்டைத் தணித்த பிறகே மருத்துவரிடம் ஓட வேண்டும். அந்த அளவுக்குப் போகாமலிருக்க, ஓட்டலில் ஒருவர் சாப்பிடும்போது இன்னொருவர் நாயோடு வெளியே மரத்தடியில் நில்லுங்கள். அதற்கு ஆள் இல்லாத பயணமென்றால் நாயை வீட்டில் யாரிடமாவது விட்டுவிட்டுக் கிளம்புங்கள்.