பெயர் சுட்டலும் புனைந்துரையும்: ‘ஹார்லோ’ திரைப்படம் பற்றிய ஒரு நோக்கு

மறைந்த நடிகர் ஒருவரின் வாழ்வு திரைப்படமாகுங்கால், காண்போரிடையே இருவகைக் கருத்து எழுதல் இயல்பு. ஒரு சாரார், காட்சிப் பொலிவே போதும், படம் வரலாற்று நூலன்று என்பர். மற்றொரு சாரார், உண்மை பிறழ்ந்தபின் பொலிவால் ஆம் பயன் என்னை என்பர். இவற்றுள் எது ஏற்புடைத்து என்பதனை, 1965இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘ஹார்லோ’ என்னும் படங்கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

ஜீன் ஹார்லோ 1911இல் கான்சஸ் நகரில் பிறந்தவர். ‘ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்’ (1930) என்னும் படத்தாற் புகழெய்தி, 1937 சூன் 7ஆம் நாள், தம் 26ஆம் அகவையில் மறைந்தார். 28 ஆண்டுகள் கழித்து, ஒரே ஆண்டில் அவர் பெயரால் இரு படங்கள் தோன்றின. அவற்றுள் கார்டன் டக்ளஸ் இயக்கத்தில் கரோல் பேக்கர் நடித்த வண்ணப்படமே நாம் கருதுவது. எடித் ஹெட் அமைத்த ஆடைகளும் நீல் ஹெஃப்டியின் இசையும் அதற்கு அணி செய்தன. அதன் கவர்ச்சியை எவரும் மறுத்தற்கில்லை.

இனி, பிறழ்ச்சிகளை நோக்குவாம். ஹார்லோவின் மணங்கள் மூன்று. படத்திலோ, 1932இல் நிகழ்ந்த பால் பெர்ன் மணம் ஒன்றே உண்டு. இது காலச் சுருக்கம் கருதியது எனலாம். சுருக்கல் வேறு, திரித்தல் வேறு. சிறுநீரகம் செயலிழந்து இறந்தவரைப் படம் நுரையீரல் அழற்சியால் இறந்தவராகக் காட்டுகின்றது. இதனினும் பெரிது ஒன்றுண்டு. பெர்ன் இறந்தபின் அவர் மதுவிலும் ஒழுக்கக் கேட்டிலும் வீழ்ந்தார் என்பது படத்தின் கதை. உண்மையில் அவ்வைந்தாண்டுகளே அவர்தம் கலை முதிர்ந்த காலம். ‘பாம்ப்ஷெல்’, ‘டின்னர் அட் எய்ட்’ (1933), ‘லைபல்ட் லேடி’ (1936) முதலிய நகைச்சுவைப் படங்கள் அக்காலத்தனவே. ஆகவே, படம் கவர்ந்து கொண்டது ஒரு பெண்ணின் நற்பெயரை மட்டுமன்று, அவர்தம் உழைப்பையுமாம்.

புனைந்துரைக்கு இடமே இல்லையோ எனின், உண்டு. நாடக வழக்கும் உலகியல் வழக்கும் இயைந்ததே புலனெறி வழக்கம் என்பது தொல்காப்பியர் கொள்கை. ஆயின், அவரே அகனைந்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டலாகாது என்றும் வரைந்தார். காதலும் பிரிவும் பாடும் உரிமை, பெயர் கூறாமை என்னும் கடப்பாட்டொடு பிணைந்தே நின்றது. நெடுநல்வாடை தலைவியின் பிரிவுத் துயரைப் பாடுவதாயினும், வேம்பின் அடையாளத்தாற் பாண்டியனைச் சுட்டினமையின் அதனைப் புறம் என்றார் நச்சினார்க்கினியர். அடையாளம் ஒன்றற்கே அத்துணைக் கட்டுப்பாடு!

இப்படமோ, ஹார்லோவின் படுக்கையறைத் துயரையும் பெயர் சுட்டியே புனைகின்றது. அவர் பணியாற்றிய எம்.ஜி.எம். நிறுவனத்துக்கு ‘மெஜஸ்டிக்’ எனக் கற்பனைப் பெயர் இடப்பட்டமை ஈண்டுக் கருதத்தக்கது. நிறுவனத்தின் பெயரை மாற்றத் துணிந்தோர்க்கு நடிகையின் பெயரை மாற்றுதலும் அரிதன்று. அவ்வாறு செய்திருப்பின், முதற்சாரார் கூற்று முழுதும் பொருந்தும். பொலிவுடைய கற்பனைக் கதை என அதனைச் சுவைத்திருக்கலாம்.

பெயரின் புகழால் வரும் ஊதியத்தை வேண்டுவோர், அப்பெயருக்குரியார் வாழ்ந்த வாழ்வுக்கும் கடப்பாடுடையர். மறுமொழி கூற வாராத இறந்தோர் திறத்து அக்கடப்பாடு மிகுமேயன்றிக் குறையாது. ஆதலின், இரண்டாம் சாரார் கருத்தே வலியுடைத்தென்பது நம் துணிபு.